கிரிப்டோ நாணயத்தின் சாவிக் கருவி: அமைக்கும் முறையும் காக்கும் முறையும்

பங்காருப்பேட்டையினின்று மாரிக்குப்பம் செல்லும் இருப்புப்பாதையில் கோரமண்டல் ஒரு சிறு நிலையம். கோலார் தங்கவயலின் பகுதிகளுள் ஒன்றாகிய இவ்வூரிலும் இதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று சுரங்க வேலைக்கென வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களாவர். 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய நவீனச் சுரங்கத் தொழில், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளன்று முடிவுற்றது. அதற்குள் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் வரை சென்று, ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது. இன்று சயனைடு மேடுகளும் கைவிடப்பட்ட சுரங்கக் கோபுரங்களும் எஞ்சி நிற்கின்றன. ஊர் மக்களில் பலர் விடியற்காலையிலேயே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புகின்றனர்.

பொன்னோடு வாழ்ந்த மக்களுக்குப் பொன்னைக் காக்கும் முறை புதிதன்று. பொன் கட்டி கண்ணுக்குத் தெரியும், கையில் எடுத்து நிறுத்துப் பார்க்கலாம், பெட்டியிலிட்டுப் பூட்டலாம். ஆனால் இக்காலத்தில் 'எண்ணியல் பொன்' என்று சிலர் புகழ்ந்துரைக்கும் கிரிப்டோ நாணயம் இவ்வியல்பினது அன்று. அதனைப் பெட்டியில் வைக்க இயலாது. பூட்டி வைக்கத்தக்கது அதன் சாவி ஒன்றே. அச்சாவியைக் காப்பதற்கென அமைந்த சிறு கருவியே ஹார்டுவேர் வாலட் எனப்படுவது. இக்கட்டுரையில் அதனைச் 'சாவிக் கருவி' என்றே வழங்குவோம்.

இத்தகைய நாணயத்தை வாங்குமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் விலை ஏறி இறங்கும் வேகம் மிகுதி. முதல் முழுவதையும் இழப்பதும் உண்டு. எனினும், ஏற்கெனவே வாங்கி வைத்துள்ள இளைஞர்கள் கிராமத்திலும் நகரத்திலும் இருக்கின்றனர். அவர்களும் அவர்தம் பெற்றோரும் ஐயம் கேட்டு வரும்பொழுது, களப்பணி ஊழியரும் ஆசிரியரும் தெளிவான விடை கூற வேண்டியவராகின்றனர். அதற்கு உதவும் பொருட்டே இது எழுதப்படுகிறது.

நாணயம் எங்கே உள்ளது?

கிரிப்டோ நாணயம் கைபேசியில் உள்ளது என்றோ, சாவிக் கருவியினுள் உள்ளது என்றோ பலர் எண்ணுகின்றனர். இரண்டும் பிழையான கருத்துகள். 2009ஆம் ஆண்டு ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயினை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் பரவியுள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் பிரதிகளை வைத்துக்கொண்டுள்ளன. எந்த முகவரியில் எவ்வளவு நாணயம் உள்ளது என்பது அப்பேரேட்டில் பதியப்பட்டிருக்கும். நாணயம் என்பது அப்பதிவே அன்றி வேறொன்றுமில்லை.

ஒரு முகவரியினின்று மற்றொன்றுக்கு நாணயத்தை மாற்ற வேண்டுமாயின், அம்முகவரிக்குரிய இரகசியச் சாவியைக் கொண்டு கட்டளைக்குக் கையொப்பமிட வேண்டும். இச்சாவி உலோகத்தாலானது அன்று. அது மிகப் பெரியதோர் எண். அவ்வெண் 78 இலக்கங்கள் வரை நீளக்கூடும். ஊகித்துக் கண்டுபிடித்தல் எவர்க்கும் இயலாது. இரகசியச் சாவியினின்று முகவரியைக் கணக்கிட்டு விடலாம். முகவரியினின்று இரகசியச் சாவியைக் கணக்கிட்டு அறிதல் இன்றைய கணினிகளுக்கு ஆகாத செயல்.

ஓர் உவமையால் இதனை விளக்கலாம். தெருவோரத்துத் தபால் பெட்டியில் எவரும் கடிதம் போடலாம். ஆனால் திறந்து எடுக்கச் சாவி உடையவர்க்கே இயலும். முகவரி என்பது தபால் பெட்டி. அதனை ஊரறியச் சொல்லலாம். இரகசியச் சாவியோ ஒருவர்க்கே உரியது. ஆனால் தபால் பெட்டியின் சாவி தொலைந்தால் இலாகாவினர் பூட்டை உடைத்து வேறு பூட்டு மாட்டுவர். இங்கே அத்தகைய இலாகா இல்லை. சாவி தொலைந்தால் நாணயம் என்றென்றும் பேரேட்டிலேயே கிடக்கும். சாவியைப் பிறர் அறிந்தால் நாணயம் நொடியில் அவர்க்குரியதாகும். மாற்றிய பின் திரும்பப் பெறும் வழியும் இல்லை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரத்தவர் ஒருவர், ஏறத்தாழ 8,000 பிட்காயின்களின் சாவியைக் கொண்டிருந்த கணினித் தட்டு 2013ஆம் ஆண்டில் குப்பையோடு குப்பையாய்ப் போய்விட்டதெனப் பல்லாண்டுகள் போராடியும் அதனை மீட்க இயலவில்லை.

பிறர் கையில் சாவி இருப்பின்

நம் நாட்டில் கிரிப்டோ நாணயம் வைத்துள்ளோரில் பெரும்பாலோர் அதனை எக்ஸ்சேஞ்ச் எனப்படும் வணிக நிலையங்களின் வாயிலாகவே வாங்கி, அங்கேயே விட்டுவைக்கின்றனர். அந்நிலையில் சாவி நிலையத்தாரிடம் இருக்கும்; வாடிக்கையாளரிடம் இருப்பது அந்நிலையத்தின் கணக்கில் ஒரு வரவு மட்டுமே.

இதன் பொருள் யாது என்பதை 2024ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாளன்று நிகழ்ந்த களவு இந்தியர்க்கு உணர்த்தியது. வசீர்எக்ஸ் என்னும் இந்திய நிலையத்தின் பெட்டகம் ஒன்றினின்று ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயங்கள் ஒரே நாளில் களவாடப்பட்டன. அது அந்நிலையத்தின் கையிருப்பில் ஏறத்தாழ 45 விழுக்காடு. உடனே நாணயங்களை வெளியே எடுப்பது நிறுத்தப்பட்டது. சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஏற்பாடு ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டு, 2025ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வணிகம் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட 15 மாதங்களும் வாடிக்கையாளர் காத்திருக்க நேர்ந்தது.

இதில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. சென்னை வாடிக்கையாளர் ஒருவரது கணக்கில் இருந்தவை 3,532 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள். களவு போனவை வேறு வகையைச் சார்ந்தவை. ஆயினும் அவரது நாணயங்களும் முடக்கப்பட்டன. இவ்வழக்கைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்தே என்றும், பிறர்பொருட்டு நம்பிக்கையின்பேரில் வைத்துக் காக்கத்தக்கது என்றும் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தார். தன் சொத்தேயாயினும், சாவி பிறர் கையில் இருந்தால் தான் விரும்பிய நாளில் அதனை எடுத்தல் இயலாது என்பது இந்நிகழ்ச்சியால் புலனாகின்றது. சாவியைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய நிகழ்ச்சிகளாலேயே வலுப்பெறுகிறது.

கருவியின் அமைப்பு

கைபேசியிலோ கணினியிலோ சாவியை வைத்தலும் கூடும். ஆனால் அவை எந்நேரமும் வலையமைப்போடு இணைந்தவை. பற்பல செயலிகள் அவற்றில் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று தீயதாயின் சாவி களவு போகும். ஆகவே சாவியைத் தனியே ஒரு கருவியில் வைத்து, அது அக்கருவியை விட்டு ஒருபோதும் வெளியேறாதவாறு அமைத்தனர். செக் நாட்டின் பிராக் நகரத்துச் சடோஷி லாப்ஸ் நிறுவனத்தார் 2014ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த டிரெசர் இவ்வகையில் முதலாவது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் தோன்றிய லெட்ஜர் நிறுவனத்தின் கருவிகளும் பரவலாக வழங்குகின்றன.

கருவி விரலளவு அல்லது தீப்பெட்டியளவு இருக்கும். அதில் சிறு திரையும், பொத்தான்களோ தொடுதிரையோ உண்டு. கம்பி வழியாக அதனைக் கணினியோடோ கைபேசியோடோ இணைக்கலாம். நாணயம் அனுப்ப வேண்டுமாயின், கணினி கட்டளையை எழுதிக் கருவிக்கு அனுப்பும். கருவி அதனைத் தன் திரையில் காட்டும். உடையவர் பொத்தானை அழுத்தியபின் உள்ளேயே கையொப்பமிட்டு, கையொப்பத்தை மட்டும் வெளியே தரும். சாவி வெளிவருவதில்லை. முத்திரை அலமாரிக்குள்ளேயே இருக்க, முத்திரையிட்ட தாள் மட்டும் சன்னல் வழியே வருவது போன்றது இது.

மீட்புச் சொற்கள்

கருவி உடைந்தாலோ தொலைந்தாலோ என் செய்வது? இதற்கெனவே மீட்புச் சொற்கள் என்னும் ஏற்பாடு உள்ளது. கருவியை முதன்முதல் இயக்கும்பொழுது அது தானாகவே 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை வரிசையாகக் காட்டும். அச்சொற்களினின்று சாவிகள் அனைத்தையும் கணக்கிட்டு வருவித்துக்கொள்ளலாம். எனவே, கருவி அழிந்தாலும் சொற்களைப் புதுக் கருவியில் இட்டால் எல்லாம் மீளும். அவ்வாறே, சொற்களை அறிந்த வேறொருவர், கருவியைத் தொடாமலே, எல்லாவற்றையும் எடுத்துச் செல்லலாம். கருவியை விடச் சொற்களே விலைமதிப்புடையன என்பதை மறத்தல் ஆகாது.

இச்சொற்கள் 2,048 சொற்கள் அடங்கிய பட்டியல் ஒன்றினின்று எடுக்கப்படுபவை. அப்பட்டியல் பொதுவில் வெளியிடப்பட்டது. இரகசியம் சொற்களில் இல்லை. அவை தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுவதிலேயே உள்ளது. ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். ஒரு நாணயத்தைப் பதினொரு முறை சுண்டுமாறு மாணவரைப் பணிக்க. தலை விழுந்தால் 1 என்றும் பூ விழுந்தால் 0 என்றும் வரிசையாக எழுதுக. கிடைக்கும் இரட்டை முறை எண் 0 முதல் 2,047 வரை ஏதேனும் ஒன்றாக அமையும். அதாவது 2,048 வகைகளுள் ஒன்று. இவ்வாறு பதினொரு சுண்டுகளால் ஒரு சொல் கிடைக்கிறது. 12 சொற்களில் 132 இடங்கள் உள்ளன. அவற்றுள் 128 தற்செயலானவை. எஞ்சிய நான்கும் பிழை காண்பதற்கான சரிபார்ப்பு இடங்கள். 24 சொற்களாயின் 256 தற்செயலானவை, எட்டுச் சரிபார்ப்பு இடங்கள். 128 முறை நாணயத்தைச் சுண்டி, மற்றொருவர் சுண்டிய வரிசையே தமக்கும் கிடைக்க வேண்டுமென எதிர்பார்ப்பது எத்துணைப் பேதைமை என்பதை மாணவர் தாமே உணர்வர். ஆனால் மனிதன் தன் மனம் போனபடி சொற்களைத் தேர்ந்தால் இப்பாதுகாப்பு நில்லாது. தேர்வு கருவியினுடையதாகவே இருத்தல் வேண்டும்.

அமைக்கும் முறை

1. கருவியைத் தயாரிப்பாளரிடமோ அவர் ஒப்புதல் பெற்ற விற்பனையாளரிடமோ மட்டுமே வாங்குக. ஒருவர் பயன்படுத்தியதை மலிவாகக் கிடைக்கிறதென வாங்குதல் கூடாது. பெட்டியினுள்ளே சொற்கள் முன்பே அச்சிடப்பட்டோ எழுதப்பட்டோ வந்தால், அக்கருவி வஞ்சகரால் அனுப்பப்பட்டதே எனக் கொள்க. அதில் ஒரு காசும் இடலாகாது.

2. கருவியோடு இயங்கும் செயலியைத் தயாரிப்பாளரின் இணைய முகவரியினின்றே இறக்குக. முகவரியைத் தேடு பொறியின் விளம்பரத்தினின்று எடாது, பெட்டியில் உள்ளதைப் பார்த்துக் கையால் தட்டெழுதுக. செயலி, கருவி உண்மையானதா எனச் சோதிக்கும். உள்மென்பொருளைப் புதுப்பிக்கவும் கூறும். இவ்விரண்டையும் முதலில் முடித்துக்கொள்க.

3. பின் எண்ணைக் கருவியிலேயே இடுக. பிறந்த ஆண்டு, வாகன எண் முதலியன வேண்டா. பின் எண்ணைத் தவறாக இடுவதற்கு எல்லை உண்டு. லெட்ஜர் கருவிகள் மூன்று முறை தவறினால் தம்மிடமுள்ளதை அழித்துக்கொள்ளும். டிரெசரில் இவ்வெல்லை பதினாறு. திருடன் கையில் கருவி கிடைத்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கு இதுவே காரணம். குழந்தைகள் விளையாடி அழித்தாலும் சொற்களால் மீட்கலாம்.

4. தனி அறையில் அமர்ந்து, திரையில் தோன்றும் சொற்களை வரிசை எண்ணோடு தாளில் எழுதுக. கைபேசியால் படமெடுத்தல், கணினியில் தட்டெழுதுதல், வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்ளுதல், மின்னஞ்சலில் வைத்தல் ஆகிய எதுவும் கூடாது. எழுதிய அளவில் அவை வலையமைப்பில் கலந்துவிட்டன என்றே கொள்ளல் வேண்டும்.

5. இச்சொற்பட்டியல் ஆங்கிலம், ஜப்பானியம், பிரெஞ்சு முதலிய சில மொழிகளில் உண்டு, தமிழில் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்திலேயே, எழுத்து எழுத்தாக எழுதுக. தமிழில் ஒலிபெயர்த்து எழுதினால் பின்னர் இடர் நேரும். தமிழில் பகரம் ஒன்றே ஆங்கில எழுத்துகள் இரண்டின் ஒலிக்கு நிற்பதால், எச்சொல் என்பது மயங்கும். ஆங்கிலம் நன்கு அறியாதோர் அச்செழுத்தைப் போலத் தனித்தனியாக எழுதுதல் நலம். பட்டியலில் எந்த இரு சொற்களும் முதல் நான்கு எழுத்துகளால் ஒத்திரா. ஆகவே முதல் நான்கும் ஐயமற விளங்கினால் போதும்.

6. ஒரு முகவரியை வருவித்து, கணினித் திரையில் காண்பதும் கருவித் திரையில் காண்பதும் ஒன்றுதானா என எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. பின்னர் மிகச் சிறு தொகையை மட்டும் அம்முகவரிக்கு அனுப்பிப் பார்க்க. அனுப்பும் வலையமைப்பும் பெறும் வலையமைப்பும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

7. தொகை வந்தபின், கருவியைத் தாமே வேண்டுமென்று அழித்து, தாளிலுள்ள சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்க்க. அதே முகவரியும் அதே தொகையும் தோன்றினால்தான் சொற்கள் சரியாக எழுதப்பட்டன எனத் துணியலாம். பலர் இப்படியைத் தாண்டிவிடுகின்றனர். இது செய்யாதவரை பெருந்தொகையை மாற்றலாகாது. கயிற்றின் வலிமையை ஆளேறுமுன் சோதிப்பதே சுரங்கத் தொழிலின் மரபு.

சொற்களைக் காத்தல்

தாளுக்கு நெருப்பும் நீரும் கரையானும் பகை. மழைக்காலத்தில் ஓட்டு வீடுகளில் ஒழுகும் நீரால் மை கரைந்து போதல் உண்டு. ஆகவே பென்சிலாலோ நீரில் கரையாத மையாலோ எழுதி, உறையிலிட்டு, தகரப் பெட்டியிலோ வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்திலோ வைக்கலாம். எஃகுத் தகட்டில் சொற்களைப் பொறித்து வைப்போரும் உளர். தகட்டைத் தாமே பொறித்தல் வேண்டும். பட்டறையில் கொடுத்துப் பொறிப்பித்தல் கூடாது.

இரண்டு பிரதிகளை இரு வேறு இடங்களில் வைத்தல் நன்று. கருவியும் சொற்களும் ஒரே பெட்டியில் இருத்தல் ஆகாது. சொற்களைப் பாதி பாதியாகப் பிரித்து இருவரிடம் தருவது அறிவுடைமை போலத் தோன்றும். ஆனால் ஒரு பாதி தொலைந்தாலும் முழுமையும் தொலைந்ததாகும்.

உடையவர் திடீரென இறந்துபடின் குடும்பத்தாரின் நிலை யாது? வங்கிக் கணக்காயின் வாரிசுச் சான்றிதழ் காட்டிப் பணம் பெறலாம். இங்கே நீதிமன்றத்தின் ஆணையும் சாவியை உண்டாக்காது. ஆகவே நாணயம் உள்ளது என்பதையும், கருவியும் உறையும் எங்கே உள்ளன என்பதையும், சொற்களை யாரிடமும் கூறலாகாது என்பதையும் மனைவியோ கணவரோ வயது வந்த மக்களோ அறிந்திருக்குமாறு எழுதி வைத்தல் கடமையாகும். இரகசியம் காப்பதில் மிகுந்த கருத்துடையோர் இக்கடமையில் தவறுவதுண்டு.

கையொப்பமிடும்பொழுது

கருவியும் சொற்களும் பத்திரமாக இருந்துவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுவர். அது பாதி உண்மையே. முன்னர்க் கூறிய வசீர்எக்ஸ் களவில் சாவிக் கருவிகள் இல்லாமற் போகவில்லை. அந்நிலையத்தின் விளக்கப்படி, களவுபோன பெட்டகத்துக்கு ஆறு கையொப்பக்காரர் இருந்தனர். ஐவர் நிலையத்தார், ஒருவர் லிமினல் என்னும் காப்பு நிறுவனத்தார். நிலையத்தாருள் மூவரும் காப்பு நிறுவனமும் ஒப்பினால்தான் நாணயம் நகரும். அம்மூவரும் லெட்ஜர் கருவிகளையே கையாண்டனர். கணினித் திரையில் அவர்கள் கண்டது வழக்கமான மாற்றம்; உண்மையில் அவர்கள் கையொப்பமிட்டதோ பெட்டகத்தின் ஆட்சியையே பிறர்க்கு ஒப்படைக்கும் கட்டளை. பிழை எவருடையது என்பதில் இரு நிறுவனங்களும் மாறுபட்டன. அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று அரசுகளும் இக்களவு வடகொரியரின் செயலென 2025ஆம் ஆண்டு ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. அடுத்த மாதம் பைபிட் என்னும் அயல்நாட்டு நிலையத்தில், ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள நாணயம் இதை ஒத்த சூழ்ச்சியால் களவாடப்பட்டது. அங்கும் திரையில் கண்டது ஒன்று, கையொப்பமிட்டது வேறு.

தங்கவயலில் வாழ்வோர்க்கு இதனை விளக்க நெடிய உரை வேண்டா. சுரங்கத்தின் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டுநர், ஆழத்திலுள்ள கூண்டைக் காண்பதில்லை. மணியடிக்கும் குறிப்பைக் கேட்டே எஞ்சினை இயக்குவார். ஓட்டுநரின் கை தேர்ந்ததாயினும் எஞ்சின் பழுதற்றதாயினும், மணியைப் பகைவன் அடித்தால் விபத்து நேரும். கணினித் திரை அந்த மணி போன்றது. அதனை மட்டும் நம்பிப் பொத்தானை அழுத்துபவர், தம் கருவியின் வலிமையைத் தாமே பயனற்றதாக்குகிறார்.

ஆகவே ஒவ்வொரு முறையும், எம்முகவரிக்கு, எவ்வளவு தொகை, எவ்வளவு கட்டணம் என்பவற்றைக் கருவியின் திரையிலேயே படித்தல் வேண்டும். முகவரியின் முதலிலும் இறுதியிலும் உள்ள சில எழுத்துகளை மட்டும் பார்த்து அமைதல் போதாது. முதலும் முடிவும் ஒத்திருக்குமாறு பொய் முகவரி சமைத்து அனுப்பும் வஞ்சகர் உளர். நகலெடுத்து ஒட்டும்பொழுது முகவரியை மாற்றிவிடும் தீய செயலிகளும் உண்டு. கருவித் திரையில் பொருள் விளங்காத எண்வரிசை மட்டும் தோன்றினால் கையொப்பமிடாது விட்டுவிடுக. அதற்கு இடம் தரும் அமைப்பு கருவியில் இருப்பின் அதனை மூடி வைக்க. விளங்காத பத்திரத்தில் கைந்நாட்டு வைத்து நிலத்தை இழந்தோர் கதை நம் கிராமங்களுக்குப் புதிதன்று.

வஞ்சகர் வரும் வழிகள்

வஞ்சகர் பெரும்பாலும் கருவியை உடைப்பதில்லை. உடையவரை ஏமாற்றிச் சொற்களைப் பெறுகின்றனர். 2020ஆம் ஆண்டில் லெட்ஜர் நிறுவனத்தாரிடமிருந்து வாடிக்கையாளர் பட்டியல் களவு போயிற்று. ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை வெளியாயின. சாவிகள் எவையும் வெளியாகவில்லை. ஆயினும் அப்பட்டியலைக் கொண்டு பொய் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன. 2021ஆம் ஆண்டில் சிலருக்கு, பழைய கருவிக்கு மாற்று எனக் கூறிப் போலிக் கருவிகளே தபாலில் வந்தன. அவை சொற்களைக் கேட்டுப் பெற்றுக் களவாடும் நோக்கின.

இதனைத் தடுக்க ஒரே விதி போதும். மீட்புச் சொற்களைக் கருவியிலன்றி வேறெங்கும் இடலாகாது, எவர்க்கும் கூறலாகாது. கம்பெனி அதிகாரி, வங்கி, வருமான வரி அலுவலகம், போலீஸ் என எப்பெயரால் எவர் கேட்பினும் அவர் திருடரே. உண்மையான நிறுவனம் எதற்கும் அச்சொற்கள் தேவையில்லை. சொற்களைப் பிறர் கண்டிருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால், தாமதியாது புதிய சொற்களை உண்டாக்கி, நாணயம் அனைத்தையும் புதிய முகவரிக்கு மாற்றிவிட வேண்டும். பின் எண்ணை மாற்றுவதால் பயனில்லை. ஏமாற்றப்பட்டோர் 1930 என்னும் தொலைபேசி எண்ணில் உடனே முறையிடலாம். மீட்டுத் தருகிறோம் எனக் கூறிக் கட்டணம் கேட்போரிடம் இரண்டாம் முறை ஏமாறுதல் வேண்டா.

கருவியால் ஆகாதனவும் உண்டு. நாணயத்தின் விலை வீழ்ச்சியை அது தடுக்காது. மாதந்தோறும் இத்தனை விழுக்காடு வருவாய் தருவோம் எனக் கூறும் போலித் திட்டங்களுக்கு உடையவரே நாணயத்தை அனுப்பினால், அதுவும் கையொப்பமிட்டே தரும். மேலும், சிறு தொகை வைத்திருப்போர் கருவியின் விலையையும் காக்கும் பொறுப்பையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். தாளொன்றைப் பத்தாண்டுகள் தொலையாது காக்க இயலாதவர்க்கு இம்முறை ஏற்றதன்று.

சட்டமும் வரியும்

நம் நாட்டில் கிரிப்டோ நாணயம் சட்டப்படி செல்லுபடியாகும் பணமன்று. இதன் வணிகத்துக்கு வங்கிகள் துணைபோகலாகாதென ரிசர்வ் வங்கி 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் விடுத்த சுற்றறிக்கையை, உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாளன்று நீக்கிற்று. 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதனால் வரும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும், விற்பனைத் தொகையில் ஒரு விழுக்காடு முன்பிடித்தமும் விதித்தது. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழித்துக்கொள்ள அச்சட்டம் இடந்தரவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் கள்ளப்பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொணரப்பட்டன. சாவியைத் தம்மிடம் வைத்துக்கொள்வதால் வரி நீங்குவதில்லை. வாங்கிய நாள், விலை, மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். அக்குறிப்பேட்டில் மீட்புச் சொற்களை எழுதலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முடிவாக

ஊழியரும் ஆசிரியரும் மக்களிடம் எடுத்துரைக்க வேண்டியவற்றை மூன்றாகச் சுருக்கலாம். முதலாவது, சொற்களைத் தாளில் எழுதி, மீட்டுப் பார்த்துச் சோதித்து, எவர்க்கும் காட்டாது காத்தல். இரண்டாவது, கணினியை நம்பாது கருவித் திரையில் படித்த பின்னரே பொத்தானை அழுத்துதல். மூன்றாவது, தமக்குப் பின் குடும்பத்தார் வழியறியுமாறு செய்தல்.

தங்கவயலில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தாலும் கிடைத்தது சில கிராம் பொன்னே. அவ்வுழைப்பின் அருமையை அறிந்த குடும்பத்து இளைஞர், தம் ஊதியத்தின் ஒரு பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத நாணயத்தில் இட்டிருப்பாராயின், அதனையும் தாத்தாவின் உழைப்பைப் போன்றே மதித்துக் காத்தல் வேண்டும். காக்கும் கருவி கையளவே ஆயினும், காக்கும் கருத்து உடையவரிடமே இருத்தல் வேண்டும்.